தாதியின் ஐந்தாவது குணம்



நோயாளரைப் பேணுவோர்க்கு இருக்கவேண்டிய குணங்கள் ஐந்து எனப் பகவான் புத்தர் வகுத்தருளினார். வினய பிடகத்து மகாவக்கத்திலும் அங்குத்தர நிகாயத்திலும் இது காணக்கிடக்கிறது. மருந்தைத் தக்கவாறு சித்தம் செய்யத் தெரிந்திருத்தல் ஒன்று. நோயாளிக்கு ஒத்தது இது, ஒவ்வாதது இது என்று அறிந்து, ஒத்ததைக் கொணர்ந்து ஒவ்வாததை அகற்றுதல் ஒன்று. பொருளாசையை முன்னிறுத்தாமல் நல்லெண்ணத்தால் பணி புரிதல் ஒன்று. மலம், மூத்திரம், வாந்தி, எச்சில் இவற்றை எடுத்தகற்ற அருவருப்புக் கொள்ளாமை ஒன்று. காலமறிந்து அறமொழி பகர்ந்து, நோயாளியின் உள்ளத்தைத் தெளிவித்து, ஊக்கி, மகிழ்விக்க வல்லவராதல் ஐந்தாவது.

முதல் நான்கையும் இக்காலத்துத் தாதியர் பயிற்சிப் பள்ளியில் எவரும் கற்பிப்பர். ஐந்தாவதைப் பற்றியே நாம் இன்று பேசப் புகுகின்றோம். மருந்து கலக்கும் கைக்கும் மலம் எடுக்கும் கைக்கும் சமமாக, பேசும் வாயையும் கேட்கும் செவியையும் பகவான் ஏன் வைத்தார்? நோயாளியின் மனத்தைத் தேற்றுவது மருத்துவத்தின் ஓர் உறுப்பு என்று அவர் கருதினார் என்பதைத் தவிர வேறு விடை நமக்குத் தோன்றவில்லை. நேரம் மிஞ்சினால் செய்யும் உபசாரமாக அவர் அதைக் கருதவில்லை.

இவ்விதி பிறந்த வரலாற்றை அறிவீர்கள். வயிற்றுப்போக்கால் வருந்திய பிக்கு ஒருவர் தம் மலசலத்திலேயே விழுந்து கிடந்தார். உறைவிடங்களைச் சுற்றிப் பார்த்துவந்த பகவான் ஆனந்தரோடு அவ்விடம் சேர்ந்து, உம்மைப் பார்ப்பார் இல்லையா என்று வினவினார். இல்லை என்றார் அவர். காரணம் கேட்டபோது, மற்றப் பிக்குகளுக்கு நான் ஓர் உதவியும் செய்ததில்லை, ஆதலால் அவர்கள் என்னைக் கவனிப்பதில்லை என்றார். பகவான் ஆனந்தரைத் தண்ணீர் கொணரச் சொன்னார். பகவான் தம் கையால் நீர் வார்க்க, ஆனந்தர் அவரைக் கழுவினார். பிறகு பகவான் தலைப்புறம் பிடிக்க, ஆனந்தர் கால்புறம் பிடிக்க, இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அதன் பின்னரே சங்கத்தைக் கூட்டினார். உங்களைப் பார்க்கத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. நீங்களே ஒருவரையொருவர் பாராவிடில் வேறு யார் பார்ப்பார் என்று கேட்டார். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குப் பணிவிடை செய்யட்டும் என்பதும் அன்று சொன்னதேயாகும்.

இவ்வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. அந்தப் பிக்கு வருந்தியது வயிற்று நோயால் மட்டுமா? நான் எவருக்கும் பயன்படாதவன், ஆகவே என்னைப் பார்ப்பார் இல்லை என்னும் எண்ணமும் அவரோடு அங்கே கிடந்தது. உடம்பைத் தண்ணீர் கழுவிற்று. அந்த எண்ணத்தைக் கழுவியது, தலைப்புறம் பிடித்துத் தூக்கிய கை.

இந்நாட்டில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அதை நம்மவர் உணர்வதுபோல் பிறர் உணர்வது அரிது. பிறர் மலத்தை எடுப்பது இன்ன குலத்தான் வேலை என்று விதித்து, எடுத்தவனையே தீண்டத்தகாதவன் என்று தள்ளிவைத்த தேசம் இது. தாதித் தொழிலைப் பல்லாண்டுக் காலம் மேற்குலத்தார் தம் பெண்மக்களுக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கியதும் இந்த அருவருப்பினால்தான். அன்னிய ஆணின் உடம்பைத் தொடுவதா, எச்சில் கோப்பையை ஏந்துவதா என்றனர். சாக்கிய குலத்து அரசிளங்குமரராய்ப் பிறந்தவர் மலத்தில் கிடந்தவரைக் கழுவத் தம் கையால் நீர் வார்த்தார் என்னும் செய்தியை அவர்கள் காதில் எவர் போட்டார்? இன்று நம் குடும்பங்களிலிருந்து ஒரு பெண் தாதிப் பயிற்சிக்குச் செல்கிறாள் என்றால், பழைய இழிதொழில் புதுப்பெயரில் வந்ததோ என்று நெஞ்சு குறுகும் பெற்றோர் சிலர் உளர். அவர்களுக்கு இந்த மகாவக்க வரலாற்றை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

நாச்சாரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐதராபாத்தின் கிழக்கே, செகந்தராபாத்துக்கும் உப்பலுக்கும் அண்மையில் உள்ள தொழிற்பேட்டை அது. இரும்புப் பட்டறை, மருந்துத் தொழிற்சாலை, பிளாஸ்டிக் கம்பெனி என்று பலவகை ஆலைகள் உள்ள இடம். தெலுங்கர், ஒரியர், பீகாரிகள், தமிழர் எல்லாரும் அங்கே பிழைக்க வந்திருக்கின்றனர். தொழிலாளர்க்கென அமைந்த ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி ஒன்றும் அங்கு உண்டு. ஈ.எஸ்.ஐ. என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரில் பிரதமர் நேருவால் தொடங்கிவைக்கப்பட்டது. கூலியில் ஒரு பங்கைத் தொழிலாளியும், அதைவிடப் பெரும் பங்கை முதலாளியும் செலுத்துவது அதன் முறை. 2019 ஜூலை முதல் நூறு ரூபாய்க்குத் தொழிலாளி பங்கு 75 காசு, முதலாளி பங்கு மூன்றேகால் ரூபாய் என்று வகுத்தார்கள். ஆகவே அங்கே படுத்திருப்பவன் பிச்சைக்கு வந்தவன் அல்லன்; தன் வேர்வையில் பங்கு கொடுத்து வந்தவன். இதை நினைவில் வைத்துக்கொண்டு அவனைத் தொடும் தாதியின் கை வேறுவகையாக இருக்கும் என்பது நம் எண்ணம்.

பட்டறைக் காயம்பட்ட அன்பர் ஒருவருக்குத் துணையாக அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு இருந்தோம். பக்கத்துக் கட்டிலில் வடநாட்டு இளைஞன் ஒருவன். பவர் பிரஸ் இயந்திரத்தில் வலக்கை விரல்கள் போய்விட்டன. காயத்துக்குக் கட்டு இருந்தது, வலிக்கு ஊசி இருந்தது. ஆயினும் அவன் உறங்கவில்லை. இராப்பணித் தாதி வயதில் நடுத்தரமானவர். காய்ச்சல் பார்க்க வந்தவர், பார்த்து முடித்தபின்னும் போகவில்லை. தமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அவன் முதலில் வாய் திறக்கவில்லை. சற்று நேரங்கழித்து, அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றான். தாதி உடனே ஆறுதல் ஒன்றும் உரைக்கவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதன் பின் அவன் பேசத் தொடங்கினான். பாதிக்கு மேல் அவருக்கு விளங்கியிராது. கை பழையபடி ஆகுமா என்று அவன் கேட்டது மட்டும் எங்களுக்கே விளங்கிற்று. ஆகும் என்று அவர் பொய் சொல்லவில்லை. விரல் வராது தம்பி, கட்டைவிரல் பிழைத்திருக்கிறது, அதை வைத்துச் செய்யக்கூடிய வேலையைக் காலையில் டாக்டரிடம் கேட்போம், அம்மாவுக்குப் போன் போடும்போது நானும் பக்கத்தில் இருக்கிறேன் என்றார். மறுநாள் வேலை முடிந்தும் வீடு செல்லாமல் அவ்வாறே நின்றார்.

இதில் மருந்து எது, அறமொழி எது என்று பிரித்துக் கூற நம்மால் இயலவில்லை. அந்த அம்மையார் எம்மதத்தவர் என்பதையும் நாம் கேட்கவில்லை. அறமொழி என்றவுடன் திரிசரணம் ஓதுதலும் சூத்திரம் பாராயணம் செய்தலுமே நினைவுக்கு வருவது நம்மவர் வழக்கம். நோயுற்ற பௌத்தர்க்கு அவை பெருந்துணை என்பதில் ஐயமில்லை. கிரிமானந்தர் நோயுற்றபோது ஆனந்தர் வாயிலாகப் பகவான் சொல்லியனுப்பிய பத்து நினைவுகளைக் கேட்டே அவர் குணமடைந்தார் என்பது சூத்திரம். ஆயினும் கேட்போனுக்கு ஏற்பச் சொல்வதே அறமொழி. உண்மையாகவும் நன்மையாகவும் இருப்பதைக் கூடக் காலமறிந்தே ததாகதர் கூறுவார் என்று அபயராசகுமாரனுக்கு உரைத்த சூத்திரம் விளக்குகிறது. முக்காலியை இழுத்துப்போட்டுக் காத்திருந்த தாதி அந்தக் காலத்தை அறிந்தவர்.

இரண்டு அம்புகளின் உவமையைச் சல்ல சூத்திரத்தில் கேட்டிருப்பீர்கள். உடம்பில் வலி தைப்பது முதல் அம்பு. அவ்வலியைப் பற்றிக்கொண்டு மனம் புலம்புவதும் அஞ்சுவதும் இரண்டாவது அம்பு. முதல் அம்பைப் பிடுங்க வைத்தியர் கத்தியும் மருந்தும் கொண்டு வருகிறார். இரண்டாவதைப் பிடுங்குவார் யார்? வைத்தியர் கட்டிலருகே நிற்பது சில நிமிடம். உறவினர்க்கோ அதே அம்பு தைத்திருக்கிறது. பகலும் இரவும் பக்கத்தில் இருப்பவர் தாதியே. நாம் பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் இருந்த காலத்தில் கண்டது ஒன்றுண்டு: இயந்திரம் ஓடிக்கொண்டேயிருக்கும், நூல் அறுந்த கதிரை மட்டும் கண்டுபிடித்து விரலால் பிணைத்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். எந்தக் கதிரில் அறுந்தது என்று காணும் கண் இல்லாதவன் எவ்வளவு ஓடியும் பயனில்லை. நல்ல தாதியர் வார்டுக்குள் நுழையும்போது அந்தக் கண்ணோடு நுழைகின்றனர்.

நகுலபிதா என்னும் இல்லறத்தார் பக்க நாட்டில் கடுநோயுற்றுக் கிடந்தபோது, அவர் மனைவி நகுலமாதா தேற்றிய வரலாறு அங்குத்தர நிகாயத்தில் உண்டு. கவலையோடு உயிர் விடாதீர் என்று தொடங்கிய அந்த அம்மையார், முதலில் கூறியது நிருவாணத்தைப் பற்றியோ மறுபிறவியைப் பற்றியோ அன்று. எனக்குப் பஞ்சு நூற்கத் தெரியும், கம்பளி மயிர் சிக்கெடுக்கத் தெரியும், பிள்ளைகளைக் காப்பாற்றிக் குடும்பத்தை நடத்துவேன் என்பதுதான் முதல் தேறுதல். வேறு வீடு புகேன் என்பது இரண்டாவது. பகவானையும் சங்கத்தையும் காணும் விருப்பம், சீலம், மன அமைதி, அறத்தில் உறுதி ஆகியவை அதன் பின்னரே வருகின்றன. நகுலபிதா பிழைத்தெழுந்து கோலூன்றிப் பகவானைக் காண வந்தார். உன்னிடம் இரக்கங்கொண்டு அறிவுரை கூற இப்படி ஒரு மனைவி வாய்த்தது உன் பேறு என்று பகவான் பாராட்டினார். நூல் நூற்றுப் பிழைத்த நமக்கு அந்த முதல் தேறுதலில் தனியான ஓர் உவகை உண்டு!

ஏழைத் தொழிலாளியின் இரண்டாவது அம்பு பெரும்பாலும் அந்த இடத்திலேதான் தைத்திருக்கும். சாவைக் காட்டிலும் வாடகையை எண்ணி அஞ்சுகிறான். ஆதலால் ஆறுதல் சொல்பவருக்குச் சில செய்திகளும் தெரிந்திருத்தல் நன்று. நோயால் வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியில் நூற்றுக்கு எழுபது வீதம், ஆண்டில் 91 நாள் வரை கிடைக்க ஈ.எஸ்.ஐ. முறை வழி செய்தது. வேலையில் நேர்ந்த விபத்தால் இறந்துபோனால் அவனைச் சார்ந்தோர்க்குக் கூலியில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் உதவித்தொகை உண்டு. எந்தக் கிளை அலுவலகம், எந்தப் படிவம், யார் கையெழுத்து என்று எடுத்துச் சொல்லி, எழுத்தறியாத மனைவியின் கையில் ஒரு காகிதத் துண்டில் குறித்தும் கொடுக்கும் தாதி, நகுலமாதாவின் முதல் தேறுதலையே கூறுகிறார். இதை அறமொழி அன்று என்று தள்ளுவோர் அந்தச் சூத்திரத்தை மீண்டும் வாசிக்கட்டும்.

குடும்பத்தார் விஷயம் இன்னும் கடினமானது. நோயாளியிடம் சொல்லாதீர்கள் என்று மக்கள் தாதியின் கையைப் பிடிப்பர். பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள் என்று நோயாளி இரகசியமாகக் கேட்டுக்கொள்வார். இருவருக்கும் தெரியும், இருவரும் நடிப்பர், நடுவில் தாதி நிற்பார். முசாவாதம் கூடாது என்னும் சீலம் பூண்ட நாம் இவ்விடத்தில் என் செய்வது? கிசாகோதமி வரலாறு வழிகாட்டும் என்று நினைக்கிறோம். கடுகு கதை எல்லாரும் அறிந்ததே, விரிக்க வேண்டா. பகவான் அவளிடம் பொய் சொல்லவில்லை. குழந்தை பிழைக்கும் என்று ஒரு சொல்லும் கூறவில்லை. உண்மையைத் தலையில் போட்டுடைக்கவும் இல்லை. அவளே வீடுவீடாக நடந்து, பிறர் துயரைக் கேட்டுக் கேட்டு, தன் காலாலேயே உண்மையை வந்தடைய விட்டார். அனுபவமுள்ள தாதியரும் இவ்வாறே செய்யக் காண்கிறோம். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது, டாக்டர் என்ன சொன்னார், எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, குடும்பத்தாரைக் கைப்பிடித்து நடத்துவதுபோல் கொண்டு செல்கின்றனர். அழுவோரை அழாதே என்று அடக்குவதும் இல்லை.

மேல்நாட்டிலும் இதை உணர்ந்தோர் உண்டு. ஆங்கில நாட்டில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் மாது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தாதியாகப் பயின்று, பின்னர்ச் சமூக ஊழியராகி, அதன்பின் மருத்துவமும் கற்று, 1967-ஆம் ஆண்டு இலண்டனில் செயின்ட் கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவினார். இறக்கும் தறுவாயில் உள்ளோரின் வலியில் உடம்பின் வலி, மனத்தின் வலி, குடும்பக் கவலை, உயிர்ப்பொருள் பற்றிய ஏக்கம் எல்லாம் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன, ஒன்றை மட்டும் தீர்த்தால் தீராது என்பது அவர் கண்டது. நம் பக்கத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சங்கத்தின் வழியில், கேரளத்தில் சாதாரண ஊரார் பயிற்சி பெற்று, தாதியரோடு வீடுவீடாகச் சென்று படுக்கையில் கிடப்போரைப் பார்க்கும் வழக்கம் பரவியிருக்கிறது. ஐதராபாத்திலும் எம்.என்.ஜே. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வலிதணிப்புப் பிரிவு உண்டு.

இனி மூன்றாவது குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூறாவிடில் ஐந்தாவதைப் பற்றிப் பேசியது வீணாகும். பொருளாசையின்றிப் பணி செய்க என்றதை எடுத்துக்காட்டித் தாதியரின் கூலியைக் குறைப்போர் உண்டு. புனிதமான சேவை, தியாகம் என்று மாலையிட்டுவிட்டுச் சம்பளம் கேட்டால் முகம் சுளிப்பர். ஆலையில் முப்பதாண்டு உழைத்த நாம் இந்தப் புகழ்ச்சியை நன்கு அறிவோம். கூலி உயர்வு கேட்கும்போதுதான் அது மிகுதியாகக் கிடைக்கும். பகவான் பேராசையைக் கடிந்தார். உழைப்புக்குரிய கூலியைக் கடிந்தாரில்லை. சிகாலனுக்கு உபதேசித்தபோது, வேலையாட்களின் வலிமைக்கேற்ப வேலை கொடுத்தலும், உணவும் கூலியும் தருதலும், நோயுற்றபோது பேணுதலும் எசமானர் கடமை என்று வகுத்தவர் அவரே.

வேறோர் ஊரில், பெயர் வேண்டா, நம் அன்னையார் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் மருந்து வேளை தவறாமல் வந்தது. ஒரு சொல் வந்ததில்லை. முதலில் நமக்குச் சினம் மூண்டது. எண்ணிப் பார்த்தோம்: இரவு முழுதும் அறுபது கட்டிலுக்கு ஒரே பெண்! பொது ஆஸ்பத்திரிகளில் ஐந்து நோயாளிக்கு ஒரு தாதி, கல்லூரி சார்ந்தவற்றில் மூவருக்கு ஒருவர் என்பது இந்தியத் தாதியர் கவுன்சிலின் கணக்கு. அறுபதுக்கு ஒருவர் என்றால் அவர் எந்தக் கட்டிலருகே முக்காலி போடுவது? தனியார் ஆஸ்பத்திரித் தாதியரின் நிலை கண்டு உச்சநீதிமன்றம் தலையிட்டதும், 2016-இல் அமைந்த குழு சிறு ஆஸ்பத்திரியிலும் மாதம் இருபதாயிரத்துக்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்ததும் நடந்தவை. பரிந்துரை வேறு, கையில் விழும் பணம் வேறு என்பதைத் தாதியர் சங்கத்தார் சொல்லக் கேட்கலாம். கருணையை எதிர்பார்ப்போர் கருணைக்கு வேண்டிய நேரத்தையும் கொடுக்க வேண்டும். தாதியர் தங்கள் உரிமைக்காக வாயிலில் நிற்கும் நாளில் நம் சங்கத்தார் அவர்கள் பக்கத்தில் நிற்பது அறத்துக்கு மாறானது அன்று.

அவர்கள் விலை கொடாமலும் இருக்கவில்லை. கேரளத்தில் பேராம்பிரைத் தாலுகா ஆஸ்பத்திரியில் நிபா நோயாளிக்குப் பணிவிடை செய்த லினி என்னும் தாதி, அந்நோயே தம்மைப் பற்ற, 2018 மே 21-ஆம் நாள் உயிர்நீத்தார். இரண்டு சிறு மைந்தரின் தாய். இறுதிவேளையில் கணவரை இனிக் காண இயலாது என்று உணர்ந்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுமாறு ஒரு சிறு கடிதம் எழுதிவைத்தார். பிறர் குடும்பத்தைத் தேற்றிய கை தன் குடும்பத்தைத் தேற்ற எழுதிய அக்கடிதம் நாடெங்கும் அறியப்பட்டது. 2020-இல் கொரோனாப் பெருநோய் வந்தபோது உறவினரை உள்ளே விடவில்லை. பல ஊர்களில் நோயாளியின் முகத்தெதிரே போனைப் பிடித்து, கடைசிப் பேச்சைப் பேசவைத்தவர்கள் தாதியரே. தந்தையின் கையைத் தான் பிடிக்கமுடியாத மகனுக்கு, நான் பிடித்திருந்தேன் என்று ஒரு தாதி சொல்வது எத்தகைய கொடை!

நோயாளிக்கும் ஐந்து குணங்களைப் பகவான் சொல்லியிருக்கிறார்: ஒத்ததைச் செய்தல், அளவறிதல், மருந்துண்ணல், நோயின் நிலையை மறையாது கூறல், வலியைப் பொறுத்தல். நம்மவர் நான்காவதில் தவறுவதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்கிறோம். கூச்சத்தால் மறைத்து, முற்றியபின் சொல்லாதீர்கள்.

சாவத்தி நகரத்து அநாதபிண்டிகர் மரணப்படுக்கையில் கிடந்தபோது, சாரிபுத்தரும் ஆனந்தரும் அவரைக் காண வந்தனர். வலி எப்படியிருக்கிறது, குறைகிறதா, கூடுகிறதா என்று சாரிபுத்தர் முதலில் கேட்டார். கூடுகிறது என்று அநாதபிண்டிகர் மறையாது கூறினார். பின்னர்க் கண், காது முதலாக ஒவ்வொன்றையும் பற்றாதிருக்குமாறு சாரிபுத்தர் மெல்ல மெல்ல எடுத்துரைக்க, அநாதபிண்டிகர் அழுதார். மனம் தளர்கிறதோ என்று ஆனந்தர் கவலைப்பட்டார். தளரவில்லை ஐயா, இத்தனை காலம் பகவானையும் சங்கத்தையும் அண்டியிருந்தும் இத்தகைய பேச்சை நான் கேட்டதில்லை என்றார் அவர். வெள்ளையுடுத்த இல்லறத்தார்க்கு இது சொல்லப்படுவதில்லை என்றார் ஆனந்தர். அப்படியானால் இனிச் சொல்லுங்கள், கண்ணில் சிறிதே தூசுள்ள இல்லறத்தாரும் இருக்கின்றனர், கேளாமையால் அவர்கள் கெடுகின்றனர் என்று அந்த நோயாளி வேண்டிக்கொண்டார். அவர்கள் சென்ற சிறிது நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது.